பழைய பெட்ரோல் கார் புகைப் பரிசோதனையில் ஃபெயில், கன்வர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நீலவண்டி:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருபது வருஷத்துக்கும் மேல் ஓடிய ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது. நாலு சிலிண்டர், இன்ஜெக்ஷன் வண்டி, கார்புரேட்டர் கிடையாது, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒன்று, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒன்று. அப்பா ஓட்டிய வண்டி, பாடியில் துரு இல்லை, கியர் சுலபமாக விழுகிறது, இதை விற்க மனசு வரவில்லை. இந்த முறை புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போனால் ஃபெயில் என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள்.

சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம், ஹைட்ரோகார்பன் 380 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), கார்பன் டை ஆக்சைடு 13.1 சதவீதம், ஆக்சிஜன் 0.6 சதவீதம், லாம்டா 0.96. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் வைத்து எடுத்தபோது அதே வரிசையில் 1.2, 190, 14.0, 0.4, லாம்டா 0.98.

மெக்கானிக் சீட்டைப் பார்த்த உடனேயே கன்வர்ட்டர் போய்விட்டது, புதுசு போட்டால்தான் தேறும் என்கிறார். அது இந்த வண்டியிலேயே விலை அதிகமான பாகம், அதைப் போட்ட பிறகும் ஃபெயில் ஆனால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருக்கிறது. வேறு சில விஷயங்களும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக மைலேஜ் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நடுவில் நிற்கும் டெம்பரேச்சர் முள் இப்போது காலியான ரோட்டில் வேகமாகப் போனால் கீழே இறங்கிவிடுகிறது, டிராஃபிக்கில் நின்றால் திரும்ப ஏறுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், நாலிலும் கரி. ஏர் ஃபில்டர் புதுசுதான். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியவில்லை. பரிசோதனை நிலையம் வீட்டுக்குப் பக்கம், போய் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் நெடுநேரம் காத்திருந்தேன். பெட்ரோலில் தின்னர் கலந்து ஓட்டினால் பாஸ் ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஸ்பேனர்_செட்:

தம்பி, தின்னர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது ரப்பர் ஹோஸையும் பம்பில் இருக்கும் சீலையும் தின்னும், ஃப்யூவல் லைன் கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயம். ஸ்பிரிட், ஆல்கஹால் கலப்பதும் இதே கதைதான். ஆல்கஹாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடும், அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டியில் அதனால் ரீடிங் இறங்கியிருக்கலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் நல்லபடி வேலை செய்தால் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலை ஏற்றிச் சரிக்கட்டிவிடும். வண்டியில் பழுது இருக்கும்வரை அது பழுதுதான், அன்று பாஸ் ஆனாலும் மைலேஜ் திரும்பாது.

அந்த டெம்பரேச்சர் முள் விஷயத்தைப் படித்ததும் எனக்குத் தெர்மோஸ்டாட்தான் ஞாபகம் வந்தது, கூலன்ட் அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் வழியைச் சூட்டுக்குத் தக்கபடி திறந்து மூடும் வால்வு அது. மீதியை ஒயரிங் அக்கா வந்து சொல்வார், அவர் புகையை அளக்கும் அனலைசர் வைத்து வேலை பார்ப்பவர்.

ஒயரிங்_அக்கா:

சீட்டை முழுசாக எழுதியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலும் "ஃபெயில் ஆகிவிட்டது, என்ன செய்ய" என்று மட்டும் கேட்பார்கள், அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. உங்கள் சீட்டில் பதில் பாதிக்கு மேல் இருக்கிறது.

முதலில் லாம்டாவைப் பாருங்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், அந்தக் கணக்கு சரியாக இருந்தால் லாம்டா 1.00. உங்களுடையது 0.96, அதாவது தேவைக்குக் காற்று 4 சதவீதம் குறைவு, பெட்ரோல் அதிகம். ரிச் என்று சொல்வது இதைத்தான். கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற அதற்கு ஆக்சிஜன் வேண்டும். எஞ்சினே ரிச்சாக ஓடும்போது அந்த ஆக்சிஜன் போதுமான அளவுக்கு வராது, நேற்று வாங்கிய கன்வர்ட்டராக இருந்தாலும் மிச்ச மோனாக்சைடை வெளியேதான் விடும். அடுப்பில் ஈர விறகு புகைகிறது என்று புகைபோக்கியை மாற்றுவது போலத்தான் இந்த நிலையில் கன்வர்ட்டரை மாற்றுவது. அதைவிட முக்கியமான விஷயம், ரிச்சாக ஓடும் எஞ்சினில் போட்ட புதுக் கன்வர்ட்டர் அதே கரியையும் எரியாத பெட்ரோலையும் வாங்கிச் சீக்கிரமே கெட்டுப்போகும். வண்டியும் தேறாது, பணமும் போகும்.

உங்கள் மெக்கானிக் ஒரேயடியாகத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஐடிலிங்கில் மோனாக்சைடு 1.9 இருக்கும்போது பக்கத்திலேயே 0.6 சதவீத ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. நல்ல சூட்டில் இருக்கும் நல்ல கன்வர்ட்டர் அந்த ஆக்சிஜனை விட்டுவைக்காது. ஆக, கன்வர்ட்டர் வலுவிழந்திருக்கலாம், அல்லது சைலன்சர் பைப்பில் எங்கோ ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழையலாம், அல்லது கன்வர்ட்டர் ஆறிப்போய் இருந்திருக்கலாம். நீங்களே சொல்லிவிட்டீர்கள், பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்குப் போய் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன் என்று. கன்வர்ட்டர் வேலையை ஆரம்பிக்கவே சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும், அணைத்துவிட்டு நின்றால் சூடு இறங்கிவிடும். அதனால் கன்வர்ட்டர் நல்லதா கெட்டதா என்பதை லாம்டா 1.00க்கு வந்த பிறகு, வண்டி நன்றாகச் சூடேறிய நிலையில் எடுத்த ரீடிங்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரி, ஏன் ரிச்? டெம்பரேச்சர் முள் ஓட்டத்தில் இறங்குகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல வண்டிகளில் அது 82லிருந்து 92 டிகிரிக்குள் திறக்கும்படி இருக்கும். மூடாமல் நின்றுவிட்டால் காற்று அடிக்கும்போதெல்லாம் எஞ்சின் குளிர்ந்துவிடும், இசியூ "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொடுப்பது போல அதிகப்படி பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைந்தது, பிளக்கில் கரி, மோனாக்சைடு அதிகம், மூன்றும் இதற்குப் பொருந்துகிறது. விளக்கு எரியாததும் ஆச்சரியமில்லை. அந்த வயதுள்ள வண்டிகளில் பல, சென்சாரின் ஒயர் அறுந்தால்தான் விளக்கைப் போடும், சென்சார் தப்பான அளவைச் சொன்னால் அதை நம்பிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், இசியூவுக்குத் தனியாக ஒரு சென்சார். முள் சரியாக நின்றாலும் இசியூ வேறு கணக்கில் இருக்கலாம். ஸ்கேனர் மாட்ட முடிந்தால் கூலன்ட் டெம்பரேச்சர் எத்தனை என்று அதில் படியுங்கள். ஸ்கேனர் போர்ட் இல்லாவிட்டால் மல்டிமீட்டர் போதும், சென்சார் பிளக்கைக் கழற்றி ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். நிறைய வண்டிகளில் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம், 90 டிகிரியில் 200 முதல் 300 ஓம் வரும். சூடான எஞ்சினில் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

அடுத்தது ஆக்சிஜன் சென்சார். வழக்கமான சிர்கோனியா வகை என்றால் சூடான பிறகு 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்துப் பார்க்கும்போது வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்க வேண்டும். சோம்பலாக அசைந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ சந்தேகப்படலாம். உடனே மாற்றிவிடாதீர்கள், அதற்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டேக்கில் (எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையில்) ஒரு சின்ன வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 0.2க்குக் கீழே விழ வேண்டும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8க்கு மேல் குதிக்க வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் பிழைத்தது. நடக்கத் தாமதமானால் வயதாகிவிட்டது. மூன்று அல்லது நாலு ஒயர் உள்ள சென்சாரில் உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கும், அதுவும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அது எரிந்துபோனால் ஐடிலிங்கில் சென்சார் ஆறிப்போய் ஊமையாகிவிடும்.

இன்னும் இரண்டு இடங்களைப் பெரும்பாலானவர்கள் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரில் ஒரு வேக்குவம் ஹோஸ் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக இன்டேக்குக்குள் போகிறது. இன்னொன்று, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கீறல் அல்லது கேஸ்கெட் கசிவு. அங்கே உள்ளே நுழையும் காற்றைப் பார்த்துச் சென்சார் "லீன்" என்று சொல்லும், இசியூ அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றும், வண்டி நிஜமாகவே ரிச் ஆகிவிடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், சூடானதும் உலோகம் விரிந்து அந்தச் சத்தம் அடங்கிவிடும்.

முதலில் தெர்மோஸ்டாட், கூலன்ட் சென்சார். அதற்குப் பிறகு மற்றவை. எதையும் அளக்காமல் மாற்றாதீர்கள்.

கார்பு_காதலன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ரிச்சாக ஓடிய வண்டியில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். எஞ்சின் சூடானதும் அது ஆவியாகி ஆயில் பக்கத்து ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாகத் திரும்ப இன்டேக்குக்கே வரும், நீங்கள் பழுதைச் சரிசெய்த பிறகும் மோனாக்சைடு இறங்காமல் அடம்பிடிக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தாலே தெரியும்.

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வண்டி. அந்த வகை வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அதில் பெரும்பாலும் கன்வர்ட்டரும் இருக்காது, சென்சாரும் இருக்காது, அனுமதிக்கும் அளவும் பொதுவாகத் தளர்வாகவே இருக்கும், ஆனால் பெட்ரோல், காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவைத் திருகி மட்டும் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சோக் முழுசாகத் திறக்கிறதா, ஃப்ளோட் லெவல் ஏறியிருக்கிறதா, நீடில் வால்வு தேய்ந்து பெட்ரோல் வழிகிறதா, இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்க்ரூ கேட்கும். வரிசையும் முக்கியம், வால்வு கிளியரன்ஸ், பிளக், டைமிங் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். ஸ்க்ரூவை ரொம்ப மூடி லீன் ஆக்கினால் மோனாக்சைடு அழகாக இறங்கும், ஆனால் எஞ்சின் மிஸ் ஆக ஆரம்பித்து ஹைட்ரோகார்பன் மேலே ஏறிவிடும், அதிலேயே ஃபெயில் ஆகும்.

ஸ்பேனர்_செட்:

கார்பு சொன்ன அந்தக் கடைசி விஷயம் இன்ஜெக்ஷன் வண்டிக்கும் பொருந்தும். மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து அதிகம் என்றால் ரிச். மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது பிளக், பிளக் ஒயர், காயில், எரிந்த வால்வு, இல்லையென்றால் வேக்குவம் லீக்கால் லீன் ஆகி மிஸ் அடிப்பது. நைட்ரஜன் ஆக்சைடும் பார்க்கும் பரிசோதனை என்றால் அது தனிக்கதை, எரியறையில் சூடு அதிகமானால் வருவது, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, பழைய வண்டியில் சேர்ந்த கரி, டைமிங் அங்கே பார்க்க வேண்டியவை. நீலவண்டி தம்பிக்கு அது தேவைப்படாது.

டீசல்_தோழன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். டீசலுக்கும் இதேதானா? என் வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள், கறுப்புப் புகை அதிகம் என்கிறார்கள்.

ஒயரிங்_அக்கா:

டீசலில் இந்த லாம்டா கணக்கு உதவாது, அது பொதுவாக அதிகக் காற்றில்தான் ஓடும். கறுப்புப் புகை என்றால் அந்த நொடிக்குக் காற்று போதவில்லை அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ஹோஸில் கிழிசல், திறந்தபடி மாட்டிக்கொண்ட இஜிஆர், இன்ஜெக்டர் நாஸில், இந்த வரிசையில் போங்கள். நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால் பரிசோதனைக்கு முன்னால் நீளமான ஓட்டம் ஒன்று ஓட்டினால் சைலன்சரில் தங்கிய கரியே நிறையக் குறையும். இன்னொன்று முக்கியம், அந்தப் பரிசோதனையில் எஞ்சினை உச்ச வேகத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டு போவார்கள், டைமிங் பெல்ட் மாற்றும் காலம் தாண்டியிருந்தால் அதை மாற்றாமல் போகாதீர்கள். அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

சர்க்யூட்_பையன்:

ஸ்கேனர் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. ஓபிடி2 (வண்டி தன் பழுதைத் தானே சோதித்துப் பதிந்துவைக்கும் முறை) உள்ள வண்டிகள், அதாவது அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001லிருந்து கட்டாயமான முறை, அப்படிப்பட்ட வண்டியை ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொண்டு போகிறவர்கள் முந்தின நாள் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டுப் போகக் கூடாது, பேட்டரியையும் கழற்றக் கூடாது. அழித்தால் இசியூ தன் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் "இன்னும் முடியவில்லை" என்று காட்டும், நிறைய இடங்களில் அதை வைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுதைச் சரிசெய்த பிறகு சில நாள் குளிர்ந்த ஸ்டார்ட், நகர ஓட்டம், சீரான வேகத்தில் நீண்ட ஓட்டம் எல்லாம் கலந்து ஓட்டினால்தான் அவை முடியும். டேங்க் காலியாகவோ தளும்பத் தளும்பவோ இருந்தால் ஆவிச் சோதனை பல வண்டிகளில் ஓடவே ஓடாது, பாதி அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவண்டி:

எல்லோருக்கும் நன்றி, அக்கா எழுதியதைப் பிரின்ட் எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தேன், அவரும் ஆர்வமாகத்தான் படித்தார். ஸ்கேனர் மாட்டி ஓட்டிப் பார்த்தோம், சீரான வேகத்தில் கூலன்ட் 64 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் வால்வு பாதி திறந்தபடி துரு பிடித்து நிற்கிறது. புதுசு போட்டு, கூலன்டும் மாற்றினோம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை நன்றாகவே அடித்தது, ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. ரெகுலேட்டர் ஹோஸ் காய்ந்துதான் இருக்கிறது, மேனிஃபோல்டில் சத்தம் இல்லை. ஆனால் சென்டர் சைலன்சர் ஜாயின்டில் கசிவு இருந்தது, அதை அடைத்தோம்.

இப்போது முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. இன்னும் ஒன்று மட்டும் பாக்கி, ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் போகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் கீழே வர நாலைந்து விநாடி ஆகிறது. மாற்றிவிடலாமா?

ஒயரிங்_அக்கா:

மாற்றுங்கள், நாலைந்து விநாடி ரொம்ப அதிகம். நல்ல சென்சார் ஒரு விநாடிக்குள் பதில் சொல்லும். பழையதைக் கழற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஊறுகிற எண்ணெயை முந்தின நாளே அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் கன்வர்ட்டர் பைப்பின் மரையே கையோடு வந்துவிடும். புதுசின் மரையில் தடவும் பேஸ்ட் முனையில் படக் கூடாது. அதன் பக்கத்தில் சிலிக்கான் சீலன்ட் எதையும் உபயோகிக்காதீர்கள், சிலிக்கான் ஆவி பட்டாலே சென்சார் கெட்டுவிடும்.

பரிசோதனை நாளுக்கு: குறைந்தது இருபது முப்பது நிமிஷம் ஓட்டிவிட்டுப் போங்கள், கடைசிப் பகுதியில் ஒரு கியர் கீழே வைத்து 3000 ஆர்பிஎம் அளவில் ஓட்டுங்கள். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். உங்கள் முறை வருவதற்குச் சற்று முன் 2500இல் இரண்டு மூன்று நிமிஷம் பிடித்து வைத்துவிட்டு உள்ளே போங்கள், ஏசி, முன்விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும்.

நீலவண்டி:

பாஸ். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.2, ஹைட்ரோகார்பன் 60, லாம்டா 1.01. 2500இல் 0.1, 35, லாம்டா 1.00. அதே பழைய கன்வர்ட்டர்தான். மெக்கானிக் இந்தச் சீட்டையும் பழைய சீட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். ரொம்ப சந்தோஷம் அக்கா, ஸ்பேனர் அண்ணா, கார்பு அண்ணா எல்லோருக்கும். ஐடிலிங்கில் அந்த 60ஐ இன்னும் குறைக்க முடியுமா, அல்லது விட்டுவிடலாமா?

ஒயரிங்_அக்கா:

விட்டுவிடலாம், கன்வர்ட்டர் நல்லபடி வேலை செய்கிறது என்பதற்கு இந்த ரீடிங்கே போதும். பிளக் நாலையும் மாற்றியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், கரி படிந்ததையே திரும்பப் போட்டிருந்தால் புதுசு போடுங்கள், மேனுவலில் சொன்ன கேப் (பிளக் முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி) பார்த்து. கூலன்ட் மாற்றியதால் சில நாள் கழித்து, எஞ்சின் குளிர்ந்த பிறகு, ரேடியேட்டரில் லெவல் இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.